முதல் புத்தகம் போடப் போறீங்களா? பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

சைடு இன்கம் வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது: "எனக்குத் தெரிஞ்ச விஷயத்தைப் புத்தகமா எழுதி வெச்சிருக்கேன், எங்கே கொடுத்துப் போடலாம்?" இதுக்குப் பதில் சொல்ற தகுதி எனக்கு இருக்கு. இதுல நான் பணத்தை விட்டிருக்கேன்.

சம்பளச் சீட்டை எப்படிப் படிக்கணும்னு 160 பக்கத்துல ஒரு புத்தகம் எழுதினேன். பிஎஃப், கிராஜுவிட்டி, டிடிஎஸ் எல்லாம் அதுல இருந்தது. ஒரு கம்பெனி லேஅவுட், அட்டை, ஐஎஸ்பிஎன், 20 காப்பி, 'மார்க்கெட்டிங்' எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் பேக்கேஜ் சொன்னாங்க. எமர்ஜென்சி ஃபண்டிலிருந்து எடுத்துக் கட்டினேன். ஆமா, உங்களைத் தொடவே கூடாதுன்னு சொல்ற அதே ஃபண்டுதான். மூணாவது மாசம் ஆபீஸ்ல ஆட்குறைப்பு, லிஸ்ட்ல என் பேரும் இருந்தது. வாடகை கட்ட மச்சான்கிட்ட கடன் கேட்டேன்.

அப்போதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புத்தக விலை 200 ரூபாய். ஆன்லைன் கடைக்கு 40 சதவீதம், அதாவது 80 ரூபாய். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியா அச்சடிக்கிற பிரின்ட் ஆன் டிமாண்ட் முறைங்கிறதால அச்சுச் செலவு ஒரு காப்பிக்கு 110 ரூபாய். மிச்சம் 10 ரூபாய். போட்ட 45,000 திரும்பி வர 4,500 காப்பி விக்கணும். என் போன்ல இருக்கிற மொத்த கான்டாக்ட்டே 600 பேர்தான்! அந்த மார்க்கெட்டிங்கும் நாலு போஸ்டரோட முடிஞ்சுது. அவங்களோட வருமானம் என்கிட்டயிருந்தே வந்துடுச்சு. அதுக்கப்புறம் வாசகர் வாங்கினா என்ன, வாங்காட்டி என்ன?

அதனால எந்த வழியைப் பார்த்தாலும் முதல்ல ரெண்டு கேள்வி கேளுங்க. முதலீடு திரும்ப எத்தனை காப்பி விக்கணும்? அத்தனை பேர் யாரு யாருன்னு என்னால பேர் எழுத முடியுமா?

கிண்டில்ல இருந்து ஆரம்பிப்போம். அமேசானோட கேடிபி-யில தமிழ் இ-புக் ஏத்தலாம், ஏத்த கட்டணம் இல்லை, ஐஎஸ்பிஎன்னும் கட்டாயம் இல்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இங்கே ஒரு சின்ன எழுத்து விஷயம் இருக்கு. அமேசான் இந்தியா தளத்துல 70 சதவீதம் வேணும்னா கேடிபி செலக்ட்ல சேரணும். சேர்ந்தா 90 நாளைக்கு அந்த இ-புக்கை வேற எங்கேயும் விக்கக் கூடாது, உங்க சொந்த வலைப்பூவுல இலவச பிடிஎஃப்-ஆகவும் போடக் கூடாது. நீங்க எடுத்து விடலைன்னா தானாவே அடுத்த 90 நாளைக்குப் புதுப்பிச்சுக்கும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. 149 ரூபாய் விலை வெச்சா கழிவெல்லாம் போக உங்களுக்கு நூறு ரூபாய்க்குள்ள நிக்கும். அட்டைக்கும் புரூஃப் பார்க்கவும் 8,000 செலவு பண்ணா, சுமார் நூறு காப்பியில முதல் வந்துடும்.

பிரின்ட் ஆன் டிமாண்ட் வழியும் மோசம் இல்லை, பேக்கேஜ் வாங்காத வரைக்கும். போத்தி டாட் காம், நோஷன் பிரஸ் மாதிரி தளங்கள்ல ஃபைலை நீங்களே தயார் பண்ணி ஏத்தினா முன்பணம் இல்லாமலே ஆரம்பிக்கலாம். லாபம் குறைவு, ஆனா கட்டில் அடியில பெட்டி இருக்காது. ஐஎஸ்பிஎன்னுக்குக் காசு கேட்டா உஷாரா இருங்க. இந்தியாவுல ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் ஏஜென்சி அதை இலவசமாத்தான் கொடுக்குது, எழுத்தாளரே தன் பேர்ல விண்ணப்பிக்கலாம்.

நேரா அச்சகத்துக்குப் போறது மூணாவது வழி. எனக்குக் கிடைச்ச ரேட்டுல 300 காப்பி, தலா 75 ரூபாய்னு 22,500. லேஅவுட், அட்டைக்கு 15,000. மொத்தம் 37,500. நேரா 200 ரூபாய்க்கு வித்தா 188 காப்பியில முதல் திரும்பும் (கூரியர் வாங்குறவர் செலவு). கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தா 289 காப்பி வேணும், அதாவது கிட்டத்தட்ட மொத்த ஸ்டாக்கும். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியை நம்பி அச்சடிக்கிறவங்க இந்தக் கழிவை மறந்துடுறாங்க. அங்கே வாசகருக்கே 10 சதவீதம் தள்ளுபடி உண்டு, ஸ்டால்காரர் பங்கு தனி.

என்னைக் கேட்டா, முதல்ல இ-புக். அச்சுப் புத்தகம்னா முன்பதிவு நூறைத் தாண்டினப்புறம்தான். வேலை கிடைச்சு, ஃபண்டை நிரப்பினப்புறம் ரெண்டாவது தடவை நான் அப்படித்தான் பண்ணேன்.

மார்க்கெட்டிங்ல நான் கத்துக்கிட்டது, 'எல்லாருக்குமான புத்தகம்'னு சொன்னா யாருமே வாங்க மாட்டாங்க. முதல் பதிப்போட தலைப்பு 'பணமும் வாழ்க்கையும்'. அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது! ரெண்டாவது பதிப்புக்கு 'முதல் சம்பளச் சீட்டு'ன்னு மாத்தினேன். புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க இருக்கிற ஒவ்வொரு வாட்ஸ்அப் குரூப்புலயும் பிஎஃப் அத்தியாயத்தை மட்டும் இலவசமாக் கொடுத்தேன். கேடிபி செலக்ட்ல சேருறதுக்கு முன்னாடியே அதைச் செஞ்சுட்டேன். ஒரு நண்பர் தன் கல்லூரியில ஃபைனல் இயர் பசங்களுக்குப் பேசக் கூப்பிட்டார். முன்பதிவு 112 வந்தது, அதுல பாதி அந்த ஒரு மத்தியானத்துல. ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு 3,000 போட்டேன், நாலு காப்பி போச்சு. வீட்டுக்காரங்களையும் நெருங்கின நண்பர்களையும் அமேசான்ல ரிவ்யூ எழுதச் சொல்லாதீங்க, அவங்க விதிப்படி அது கூடாது, நீக்கிடுவாங்க.

வேலையில இருக்கிறவங்க கடைசியா ரெண்டு விஷயம் பார்த்துக்குங்க. அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வெளி வருமானம் பத்தின விதி இருந்தா, ஹெச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு அனுமதி வாங்கி வெச்சுக்குங்க. ராயல்டி 500 ரூபாய் வந்தாலும் ஐடி ரிட்டர்ன்ல காட்டணும். நான் போட்ட கணக்கு எக்செல் ஷீட்டா வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மஞ்சள் கட்டத்துல உங்க அச்சகம் சொன்ன ரேட்டைப் போட்டா, எத்தனை காப்பி விக்கணும்னு அதுவே காட்டும்.