இன்டர்வியூ முடிந்தபின் ஒரு கூட்டம்

பெங்களூரு

அன்புள்ள யாழினி,

இரண்டு சுற்று தாண்டிவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். சந்தோஷம். மீதி மூன்றும் ஒரே நாளில் என்றால் பயம் இருக்கத்தான் செய்யும்.

கோடிங், சிஸ்டம் டிசைன், மேனேஜர் என்று போகப்போகக் கேள்விகள் கடினமாகும் என்று நினைக்காதே. ஆள்தான் மாறுகிறார், அவர் தேடுவதும் மாறுகிறது. நடுராத்திரி சர்வர் படுத்தால் இவளை நம்பலாமா என்பதுதான் மேனேஜரின் கவலை.

முடிவு எடுக்கும்போது நீ அங்கே இருக்கமாட்டாய். உதாரணமாக, கூகுளில் உன்னைப் பார்த்தேயிராத ஒரு குழு, இன்டர்வியூ எடுத்தவர்களின் குறிப்புகளைப் படித்துத் தீர்மானிக்கும். அமேசானில் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். ‘பார் ரெய்சர்’ என்று வேறு டீமிலிருந்து ஒருவரும் இருப்பார். ஆள் சீக்கிரம் வேண்டுமே என்ற அவசரம் அவருக்குக் கிடையாது.

ஆகவே எதிரே இருப்பவர் எழுதிக்கொள்ள ஏதாவது கொடு. வாய் திறக்காமல் சரியாகப் போட்டு முடித்தால் ‘விடை சரி’ என்பதோடு குறிப்பு முடிந்துவிடும். ‘இரண்டு லூப்பில் முடிக்கலாம், ஆனால் பத்து லட்சம் பதிவு வந்தால் இழுக்கும், அதனால் ஹேஷ்மேப்’ என்று யோசிப்பதைச் சொல்லிக்கொண்டே எழுது. புராஜெக்ட் பற்றிக் கேட்டால் நம் வீட்டு வளர்ப்பில் ‘நாங்க பண்ணினோம்’ என்றுதான் வரும். அடக்கம் நல்லதுதான், ஆனால் அதில் உன் பங்கு எது என்று அவரால் எழுத முடியாது. நீ செய்ததை ‘நான்’ என்றே சொல்.

சுற்றுகள் நீண்டால், இன்னும் எத்தனை என்று பணிவாகக் கேட்கலாம், தப்பில்லை. நான்கு இன்டர்வியூவுக்குமேல் எடுத்தாலும் கணிப்பு பெரிதாக மேம்படுவதில்லை என்று கூகுளே தன் பதிவுகளை அலசிக் கண்டிருக்கிறது.

எச்ஆர் சிடிசி சொன்னதும் மயங்கிவிடாதே. கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, வேரியபிள் பே எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கலாம். மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று கேள். ஆஃபர் லெட்டர் வராமல் இப்போதைய வேலையில் பேப்பர் போடாதே. போட்டபின்னும் மூன்று மாத நோட்டீஸ் இருக்கிறது. அதற்குள் புதுக் கம்பெனிக்காரர்கள் மனம் மாறவும் கூடும். மற்ற அழைப்புகளையும் கையில் வைத்திரு.

இன்டர்வியூ அன்று சில்க் போர்டு நெரிசலில் கேப் பிடித்து மாட்டிக்கொள்ளாதே. நீ போகவேண்டிய எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்ட் முதல் மெட்ரோ ஓடுகிறது. முடிந்த ராத்திரியே, கேட்ட கேள்விகளையெல்லாம் எழுதி வைத்துக்கொள். இந்த வேலை கிடைக்காவிட்டாலும் அடுத்ததற்கு அதுதான் பாடம்.

அன்புடன்,
மாமா