நீர்வீழ்ச்சிக்கு வழி சொல்லும் கடை

இலங்கையின் மிக உயரமான இரண்டு நீர்வீழ்ச்சிகளுக்கும் ஒரே வீதியால்தான் போக வேண்டும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெரகல வழியாக வெல்லவாய செல்லும் ஏ4 வீதியில், களுபஹனவில் திரும்பி நான்கைந்து கிலோமீற்றர் உள்ளே போனால் 263 மீற்றர் உயரமான பம்பரகந்த. அதே வீதியில் கொஸ்லந்தையைத் தாண்டினால் 220 மீற்றர் உயரமான தியலும. இது பஸ்ஸில் இருந்தபடியே தெரியும். இந்த வீதியோரத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இதை வைத்து என்ன செய்திருக்கிறோம்?

பண்டாரவளையில் என் கடைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் சாமான் கேட்பதற்கு முன்பே வழி கேட்பார்கள். கையில் தொலைபேசி வரைபடம் இருக்கும். ஆனாலும் கேட்பார்கள். காரணம், வரைபடத்தில் நீர்வீழ்ச்சிக்கு ஒரு புள்ளிதான் இருக்கிறது. தியலுமவின் அடிவாரத்துக்குப் பிரதான வீதியால் போகலாம். குளிக்கும் தடாகங்களோ உச்சியில் இருக்கின்றன. அங்கே போவதற்கு மகல்தெனிய பக்கத்தால் வேறு பாதை. வரைபடத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு விரல் நுனி தூரம். தரையில் செங்குத்துப் பாறை. பிள்ளைகளோடு வந்த வேன்காரர் அங்கே நின்று என்ன செய்வார்?

ஆகவே நாம் குறிக்க வேண்டியது நீர்வீழ்ச்சியை மட்டுமல்ல. வேன் நிறுத்தும் இடம், நடைபாதை தொடங்கும் இடம், பார்க்கும் இடம் ஆகிய மூன்றிலும் நின்று தனித்தனியே அளவெடுக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் சுமார் 11 மீற்றருக்குள் இடம் பிடிபடும். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீற்றர் அளவுக்குப் போய்விடும். மரங்களுக்குக் கீழும் பள்ளத்தாக்கிலும் தொலைபேசி தடுமாறும். சற்று நேரம் நின்று எடுங்கள், திரும்பும்போது இன்னொரு முறை எடுத்து ஒப்பிடுங்கள். 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மெப்பில் எவரும் இலவசமாகப் பதியலாம்.

பெயரில்தான் அதிகம் குழப்பம். கிராமத்தவர் ஒரு சிங்களப் பெயர் சொல்வார்கள், தோட்டத்தில் ஒரு தமிழ்ப் பெயர், பழைய துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் வேறு. மூன்றையும் எழுதாவிட்டால் ஒரு நீர்வீழ்ச்சி மூன்றாகிவிடும்.

மாதத்தையும் குறியுங்கள். பதுளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நல்ல மழை. ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை. வரட்சியில் பம்பரகந்தையே நூலாகிவிடும். தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு சென் கிளயரில் பழைய வேகம் இல்லை. குடையையும் பிஸ்கட்டையும் எந்த மாதம் கூட்டி இறக்குவது என்பதற்கும் இதே கணக்குத்தான்.

வழியை எல்லோருக்கும் சொன்னால் அடுத்த கடைக்காரனுக்கும் யாவாரம் போகுமே என்று ஒரு நண்பர் கேட்டார். போகட்டும். வழி தவறி எரிச்சலோடு திரும்புகிறவன் இருவரிடமும் தேநீர் குடிப்பதில்லை.

பில்லின் பின்பக்கத்தில் சிறு வரைபடம் அச்சிடப் பெரிய செலவில்லை. அதில் ஒரு வரிக்கு மட்டும் கட்டாயம் இடம் விடுங்கள்: பாறை வழுக்கும், மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். குளிக்கப் போய்த் திரும்பாதவர்களை இந்தப் பக்கத்து ஊர்கள் கண்டிருக்கின்றன. அந்த வரி இல்லாத வரைபடத்தை நான் என் கடையில் ஒட்டுவதில்லை.