வைகறை வேலைக்கு ஏற்ற உடை

பால்மரத் தோட்டத்தில் வேலை கதிரவன் தோன்றுமுன் தொடங்குகிறது. அதற்குக் காரணம் உண்டு. இரவில் மரம் நீரை நிரம்ப உறிஞ்சிக்கொள்வதால், பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக வெளிவிடும், அழுத்தம் தணியும், பாலும் குறையும். ஆகவே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலேயே நிரைக்குள் இறங்க வேண்டியுள்ளது. நாளின் மிகக் குளிர்ந்த பொழுதே, மிக ஈரமான பொழுதே, பால்வெட்டுத் தொழிலாளியின் வேலைப்பொழுதாக அமைந்துவிட்டது.

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், முவாலிம் மாவட்டத்தில், தித்திவங்சா மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது சிலிம் ரிவர். அங்கும், அண்டையிலுள்ள துரோலாக் வட்டாரத்திலும் விடியற்காலையில் ஆற்றோரத்து மூடுபனி பழக்கமான காட்சி. ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும். பிப்ரவரியை ஒட்டி இலையுதிரும் பருவத்தில் வானம் தெளிந்திருப்பதால், இரவின் வெப்பம் மேலே தப்பிச்சென்று காலைக் குளிர் சற்று மிகுதியாகத் தோன்றும். இன்று பல தோட்டங்களில் பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. எனினும் எஞ்சியுள்ள பால்மர நிரைகளிலும், சிறு தோட்டங்களிலும் வைகறை வேலை தொடர்ந்து நடைபெற்றே வருகிறது.

இக்குளிர் பனிநாட்டுக் குளிரன்று. சமவெளியில் விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 22 முதல் 24 பாகை செல்சியஸ் வரையே இருக்கும். அப்படியிருந்தும் நம்மவர் நடுங்குகின்றனர். பலர் கடைக்குச் சென்று தடித்த குளிர்ச்சட்டையாகப் பார்த்து வாங்குகின்றனர். அதை அணிந்த பின்னும் நடுங்குகின்றனர். இது ஏன் என்பதை அறிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், உடலும் நலம்பெறும்.

குளிர்விப்பது எது?

நம் உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. அவ்வெப்பத்தை வெளியே விடாமல் காப்பது துணியன்று. துணியின் இழைகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றே ஆகும். காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. நீரோ, காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்தவல்லது. துணி நனைந்தால் காற்றிருந்த இடத்தில் நீர் புகுகிறது. அக்கணமே சட்டை காவலன் என்னும் நிலையிலிருந்து நீங்கி, உடல் வெப்பத்தைக் கொண்டுபோகும் வாய்க்காலாகிவிடுகிறது.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். முழுக்கைப் பருத்திச் சட்டை தன் எடைக்கும் மேலான நீரைத் தாங்கக்கூடியது. அந்நீரில் கால் லிட்டர் உடல்மீதே உலர்வதாகக் கொண்டால், அது ஆவியாவதற்கு ஏறத்தாழ 145 கிலோகலோரி வெப்பம் தேவை. 100 கிராம் சோறு தரும் ஆற்றல் ஏறத்தாழ 130 கிலோகலோரிதான். அவ்வெப்பத்தில் ஒரு பகுதியைச் சூழ்ந்துள்ள காற்று கொடுத்தாலும், எஞ்சியதை உடலே கொடுத்தாக வேண்டும். ஈரச்சட்டையோடு வேலை செய்பவர் உண்ட உணவின் ஒரு பகுதி, சட்டையை உலர்த்தவே செலவாகிறது என்பது இதன் பொருள்.

ஈரம் மூன்று வழிகளில் வருகிறது: மேலிருந்து மழை, கீழே புல்லிலும் செடியிலும் பனித்துளி, உள்ளிருந்து வியர்வை. தடித்த சட்டையை இறுக அணிந்து பல நூறு மரங்களை வெட்டி நடப்பவர் மழையில்லாத நாளிலும் நனைந்தே போகிறார். எனவே நாம் தேட வேண்டியது தடிப்பை அன்று; உலர்ந்த நிலையை.

துணிகளின் இயல்பு

பருத்தி உடலுக்கு இதமானது. வெயிலுக்கு மிக ஏற்றது. ஆனால் நீரைப் பற்றிக்கொண்டு விடாது. பாலியெஸ்டர் இழைக்குள் நீர் அநேகமாகப் புகுவதில்லை. ஆதலால் விரைவில் உலரும். இரண்டும் கலந்து நெய்த கெட்டித்துணி, கிழியாமையிலும் உலர்வதிலும் நடுநிலையானது. வேலைச்சட்டைக்கு அதுவே தக்கது. கம்பளியோ தனித்தன்மை வாய்ந்தது. ஈரத்தைத் தன் இழைக்குள் வாங்கிக்கொண்டும் ஓரளவு வெதுவெதுப்பைக் காக்கும். ஆனால் நம் சமவெளிக்கு அது மிகை. உலரவும் நெடுநேரம் பிடிக்கும்.

கம்பளி என்றதும் தோட்ட வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துச் சமவெளியிலிருந்து இலங்கையின் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர்க்கு, அதுவரை அறியாத குளிர் காத்திருந்தது. அவர்களுக்குக் கம்பளி கொடுக்கப்பட்டது. ஆனால் அதன் விலை அவர்கள் கணக்கிலேயே பற்று எழுதப்பட்டது. மழையில் தலையையும் முதுகையும் மூடிய அக்கம்பளி போர்வையாகவும், பாயாகவும், குடையாகவும் பயன்பட்டது. பிற்காலத்தில் தேயிலை கொய்த பெண்கள் இடுப்பில் சாக்கையும் படங்கையும் கட்டிக்கொண்டு பனிநீரைத் தடுத்தனர். கம்பளி வெதுவெதுப்புக்கு, படங்கு நீர்த்தடுப்புக்கு என இரு வேலைகளை இரு துணிகளுக்குப் பிரித்துக் கொடுத்த அவர்களுடைய அறிவு இன்றும் பின்பற்றத்தக்கது.

மூன்று அடுக்கு

ஒரே தடித்த சட்டையைவிட, மெல்லிய மூன்று அடுக்குகள் மேலானவை. தேவைக்கேற்ப ஒன்றைக் கழற்றலாம், ஒன்றை அணியலாம்.

முதல் அடுக்கு, உடலை ஒட்டியது: வியர்வையை வெளியேற்றி விரைவில் உலரும் மெல்லிய பனியன் அல்லது விளையாட்டு ஜெர்சி.

இரண்டாம் அடுக்கு, வேலைச்சட்டை: தளர்ந்த, முழுக்கையுள்ள, கெட்டி நெசவுச் சட்டை. இது குளிரோடு கொசுவையும் தடுக்கும். வெளிர் நிறமாயின் கொசு அணுகுவது குறையும். சாலையில் வண்டி ஓட்டுவோர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படும்.

மூன்றாம் அடுக்கு, மேலங்கி: காற்றையும் மழையையும் தடுப்பது. வீட்டிலிருந்து பெரட்டுக் களத்துக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும்போதும், மழைவிடக் காத்திருக்கும்போதும் இதை அணிய வேண்டும். மரம் வெட்டத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும். நீர்புகா நெகிழி மேலங்கி, வெளிநீரை உள்ளே விடாதது போலவே வியர்வையையும் வெளியே விடாது. அதை அணிந்து வேலை செய்பவர் தம் வியர்வையிலேயே குளிக்க நேரும்.

இந்த மூன்றாம் அடுக்கின் வரலாறு நம் தொழிலோடு தொடர்புடையது. 1823ஆம் ஆண்டில் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் என்பவர், ரப்பரைக் கரைத்து இரு துணிகளுக்கிடையே பூசி நீர்புகாத் துணி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் ரப்பர் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்தே கிடைத்தது. அம்மரக் கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டது 1877ஆம் ஆண்டில்தான். உலகத்தாரை மழையிலிருந்து காத்த பொருளைத் தரும் கைகள், தாமே மழையில் நனைந்து வாடுதல் தகாது.

மோட்டார் சைக்கிளில் செல்வோர் மேலங்கியை முன்பின்னாக மாற்றி அணிவது நம் நாட்டு வழக்கம். மார்பில் காற்று நேரே தாக்காமல் காப்பதால் இது பயனுள்ளதே. ஆனால் முதுகுப்புறம் திறந்து பறக்கும் துணி, சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்காதவாறு செருகிக்கொள்ள வேண்டும். வண்டியின் முன்னே அமர்த்திப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் குழந்தைதான் முதலில் காற்றை ஏற்கிறது என்பதையும் பெற்றோர் மறக்கலாகாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

குளிர்ச்சட்டை வாங்குமுன் சில சோதனைகளைச் செய்து பார்த்தல் நலம்.

1. துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நெசவு தளர்ந்தது, காற்றுப் புகும்.

2. தோளிலும் அக்குளிலும் உள்ள தையலை இருபுறமும் இழுத்துப் பாருங்கள். நூல் பல்லிளித்தால் உழைக்காது. இரட்டைத் தையல் உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

3. அணிந்துகொண்டு, உயரமான வெட்டுக்குக் கையை நீட்டுவது போலவும், மங்கை எடுக்கக் குனிவது போலவும் செய்து பாருங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் அளவு போதாது.

4. மணிக்கட்டு மூடியிருக்க வேண்டும். தொங்கும் கயிறும் நாடாவும் கிளையில் சிக்கும். அவை இல்லாததே நன்று.

5. சில துளி நீரை மேலே தெளித்துப் பாருங்கள். மேலங்கியாயின் நீர் உருண்டோட வேண்டும்.

போலித்தோல் மேலங்கி பார்வைக்கு மிடுக்காயிருக்கும். ஆனால் நம் நாட்டுப் புழுக்கத்தில் நாளடைவில் செதில் செதிலாக உரியும். பண்டல் கடைகளில் குளிர்நாட்டுப் பழைய மேலங்கிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுள் இறகோ பஞ்சோ அடைத்தவற்றைத் தவிர்க்க வேண்டும். நனைந்தால் வெதுவெதுப்பும் போய், உலர நாட்கணக்காகும். எதை வாங்கினாலும் நன்கு துவைத்து உலர்த்திய பின்னரே அணிய வேண்டும்.

பாலும் அமிலமும்

உடையை விரைவில் கெடுப்பவை இரண்டு. ஒன்று பால். ஈரமாயிருக்கும்போதே தண்ணீரில் அலசினால் பால் நீங்கும். உலர்ந்துவிட்டால் துவைத்தாலும் போகாது. ஆகையால் வேலைக்கென ஒரு தொகுதி உடையை ஒதுக்கிக்கொள்ளும் நம்மவர் பழக்கம் சாலச் சிறந்தது. கறையைப் போக்கப் பெட்ரோலைப் பயன்படுத்துவது தீவிபத்துக்கு வழிகாட்டும்.

மற்றொன்று, பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம். செறிந்த நிலையில் அது நைலான் துணியைக் கரைத்துவிடும், தோலையும் சுடும். அமிலத்தை அளந்து கலப்பவர் நைலான் மேலங்கி அணிந்திருத்தல் கூடாது. ரப்பர் கையுறையும், ரப்பர் அல்லது நெகிழி முன்துணியும், கண்ணுக்குக் காப்பும் அவருக்குத் தேவை.

மலைக்குச் செல்வோர்

தேயிலைத் தோட்டத்திலோ காய்கறித் தோட்டத்திலோ வேலை தேடிக் கேமரன் மலைக்குச் செல்வோர்க்கு, மேலே கூறிய கணக்கு மாறும். தாப்பாவிலிருந்து மலையேறி ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவை அடையும்போது வெப்பநிலை 9 பாகை அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 1978 பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் 7.8 பாகை பதிவாயிற்று. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுவே. அங்கே இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் இடையே கம்பளிச் சட்டையொன்று இன்றியமையாதது. காதை மூடும் துணியும் காலுறையும் வேண்டும். ஈரம் ஆகாது என்னும் விதி அங்கும் மாறுவதில்லை.

செலவும் சட்டமும்

நாள்தோறும் உடுக்கும் சாதாரண உடை அவரவர் செலவு. ஆனால் 1994ஆம் ஆண்டு தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி பாதுகாப்புக்கென முதலாளி வழங்க வேண்டியவற்றுக்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அச்சட்டத்தின் 26ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வாறு வழங்கப்பட்டதை முறையாக அணிவது தொழிலாளியின் கடமை என்றும் அதே சட்டம் விதிக்கிறது. கம்பளியின் விலையைக் கூலியில் கழித்த காலம் மறைந்தது. இவ்வுரிமையை அறிந்திருத்தல் ஒவ்வொருவர்க்கும் தேவை.

மாற்றுச் சட்டை

இவை யாவற்றினும் மலிவானதும் பயன் மிகுந்ததும் ஒன்றுண்டு: நெகிழிப் பைக்குள் சுற்றிய ஓர் உலர்ந்த மாற்றுச் சட்டையும் ஒரு துண்டும். நனைந்தவுடன் தலையைத் துவட்டி, ஈரச்சட்டையைக் களைந்து, உலர்ந்ததை அணிய ஐந்து நிமிடமே ஆகும். நடுங்கும் கையில் பிடித்த உளி ஆழமாக இறங்கினால் மரத்தின் பட்டை காயப்படும். வழுக்கினால் கையே காயப்படும். ஈர உடை நாள்தோறும் உடலோடு ஒட்டியிருந்தால் படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் தோன்றும். இளைப்பு நோயுள்ளவர்க்குக் குளிர்காற்று மூச்சுத்திணறலைத் தூண்டும்.

ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் எலிச் சிறுநீர் வழியே பரவும் காய்ச்சலும் தோட்டத்தில் உண்டு. அதற்கு மேலங்கி காப்பாகாது. முழங்கால் வரை மூடும் ரப்பர்க் காலணி வேண்டும். கடுங்காய்ச்சலும் தசைவலியும் கண்டால், குளிர் பிடித்தது என்று வாளாவிராமல் மருந்தகத்துக்குச் செல்லுங்கள். தோட்டத்தில் வேலை செய்வதை மருத்துவரிடம் மறவாது கூறுங்கள். அச்செய்தி நோயை விரைந்து கண்டறிய அவருக்குத் துணைபுரியும்.

அடுத்த மழைப்பருவம் தொடங்குமுன் வீட்டிலுள்ள உடைகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தையல் விட்டதைத் தையுங்கள். அறுந்த பொத்தானை மாற்றுங்கள். மேலங்கியை நிழலில் உலர்த்தி மடித்து வையுங்கள். புதிதாக வாங்கும் வசதி ஒன்றுக்குத்தான் உண்டெனில், மாற்றுச் சட்டையை முதலில் வாங்குங்கள். மேலங்கியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.