இருப்பதிலிருந்து ஒரு ஹதியா

 

ரமளானின் கடைசிப் பத்து நெருங்கும்போது நம் வீடுகளில் இரண்டு கவலைகள் இருக்கும். ஒன்று, லைலத்துல் கத்ர் இரவைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்பது. இன்னொன்றை யாரும் வெளியில் சொல்வதில்லை. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குப் பெருநாளுக்கு என்ன கொடுத்தனுப்புவது? தங்கச்சி பிள்ளைகளுக்குத் துணி எடுக்க முடியுமா? சபரிலிருந்து வருகிறவர் வெறுங்கையோடு வந்தால் ஊர் என்ன பேசும்? கையில் இருக்கும் காசு அரிசிக்கும் கரண்ட் பில்லுக்கும் சரியாகப் போய்விடுகிறது.

இந்த நிலையில் சிலர் நகையை அடகு வைக்கிறார்கள். வேறு சிலர், வெறுங்கையோடு எப்படிப் போவது என்று உறவுக்காரர் வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். முதலாவதில் வட்டி வீட்டுக்குள் வருகிறது. இரண்டாவதில் உறவு கையை விட்டுப் போகிறது. இரண்டும் இல்லாமல் அன்பளிப்புக் கொடுத்து வாழ மார்க்கம் நமக்கு என்ன வழி காட்டுகிறது என்பதே இந்த மாதப் பாடம்.

ஹதியாவும் ஸதகாவும்

தேவையுள்ளவருக்கு அல்லாஹ்வின் கூலியை நாடிக் கொடுப்பது ஸதகா. அன்பையும் கண்ணியத்தையும் காட்டிக் கொடுப்பது ஹதியா. ஹதியா வாங்க ஏழையாக இருக்க வேண்டியதில்லை. கொடுக்கச் செல்வந்தராக இருக்க வேண்டியதுமில்லை. நபி (ஸல்) அவர்கள் ஸதகாப் பொருளைத் தமக்கென ஏற்கமாட்டார்கள். ஹதியாவை ஏற்பார்கள், அதற்குப் பதிலாகத் தாமும் ஏதேனும் கொடுப்பார்கள். ஒருவருக்கொருவர் அன்பளிப்புக் கொடுத்துக்கொண்டால் நேசம் வளரும் என்றும் சொல்லித் தந்தார்கள்.

ஹதியாவின் நோக்கம் நேசம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வோம். எந்தப் பொருள் நேசத்தை வளர்க்கிறதோ அது தன் வேலையைச் செய்துவிட்டது, அது எத்தனை ரூபாய்ப் பொருளாக இருந்தாலும் சரி. எது கொடுத்தவர் வீட்டில் சண்டையையும் வாங்கியவர் வீட்டில் ஒப்பீட்டையும் உண்டாக்குகிறதோ அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் வீண்தான்.

ஆட்டுக் குளம்பு

ஸஹீஹுல் புகாரியில் அன்பளிப்புக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. அதன் தொடக்கத்திலேயே நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம் பெண்களை அழைத்துச் சொன்ன ஓர் அறிவுரை இடம்பெறுகிறது. அண்டை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பது ஓர் ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அதை அற்பமாக எண்ண வேண்டாம் என்பது அதன் கருத்து.

ஆட்டுக் குளம்பில் எவ்வளவு கறி இருக்கும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இந்த அறிவுரை கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது என்று ஹதீஸ் விளக்கவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். “இதைப் போய் எப்படிக் கொடுப்பது?” என்று கொடுப்பவர் கூசிக் கொடுக்காமல் இருக்கக் கூடாது. “இதையா கொடுத்தனுப்பினார்கள்?” என்று வாங்குபவர் முகம் சுளிக்கவும் கூடாது.

நாம் முதல் பாதியை மட்டுமே ஏழைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். “இருப்பதைக் கொடுங்கள், அல்லாஹ் மனத்தைப் பார்ப்பான்” என்கிறோம். வாங்குகிற வீடு திருந்தாதவரை கொடுக்கிற வீட்டின் பயம் போகாது. சம்பந்தி வீட்டில் வந்த பலகாரத் தட்டை எண்ணிப் பார்க்கிற மாமியார், பக்கத்து வீட்டு மருமகளுக்கு வந்த சீரோடு ஒப்பிட்டுப் பேசுகிற நாத்தனார், வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிற மாப்பிள்ளை ஆகியோருக்கும் சேர்த்துத்தான் குளம்பு பற்றிய இந்த ஹதீஸ்.

உம்மு ஸுலைம் (ரலி) அனுப்பிய பாத்திரம்

நபி (ஸல்) அவர்கள் ஸைனப் (ரலி) அவர்களை மணமுடித்த சமயம். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) பேரீச்சம்பழம், நெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கலந்து ஹைஸ் என்ற உணவைத் தயாரித்தார்கள். அதை ஒரு பாத்திரத்தில் வைத்துத் தம் மகனிடம் கொடுத்தனுப்பினார்கள். ஸலாம் சொல்லும்படியும், இது எங்களிடமிருந்து உங்களுக்கு ஒரு சிறிய அன்பளிப்பு என்று சொல்லும்படியும் மகனுக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

மணமகன் அல்லாஹ்வின் தூதர். அனுப்பியது வீட்டில் செய்த ஒரு பாத்திர உணவு. சிறியது என்று தாமே வாய்விட்டுச் சொன்னார்கள், கூச்சப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் அதை மகிழ்ந்து ஏற்று, அனஸிடம் மக்களை அழைத்து வரச் சொன்னார்கள். அல்லாஹ்வின் பரக்கத்தால் அந்தப் பாத்திரத்திலிருந்து சுமார் 300 பேர் உண்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

திருமண வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றுமில்லை என்று நினைக்கும்போது இந்தப் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கையால் கிண்டிய ஒரு பாத்திரம் வட்டலப்பம், நல்ல வார்த்தையோடு போனால் போதும்.

உதவி பெறுபவரும் கொடுக்கலாம்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களால் விடுதலை செய்யப்பட்டவர் பரீரா (ரலி). அவருக்கு யாரோ ஸதகாவாகக் கறி கொடுத்தார்கள். வீட்டில் பானையில் அது வெந்துகொண்டிருந்தது. நபி (ஸல்) அவர்களுக்கு ரொட்டியும் வீட்டில் இருந்த வேறு குழம்பும் வைக்கப்பட்டன. பானையிலிருப்பது என்னவாயிற்று என்று கேட்டார்கள். அது பரீராவுக்கு வந்த ஸதகா, தாங்கள் ஸதகா உண்பதில்லையே என்று பதில் வந்தது. அது அவருக்கு ஸதகா, அவர் நமக்குத் தரும்போது நமக்கு அது ஹதியா என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கம் தந்தார்கள்.

இந்தச் சம்பவத்திலிருந்து சட்ட அறிஞர்கள் பல சட்டங்களை எடுத்துள்ளார்கள். நமக்கு இதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. ஸதகா வாங்கியவர் என்றென்றும் வாங்குபவராகவே இருக்க வேண்டியதில்லை. தன் கைக்கு வந்த பிறகு அது அவருடைய பொருள். அதை அவர் மனமாரக் கொடுக்கும்போது, யாருக்குக் கொடுத்தாலும் அவர் கொடுக்கும் கைக்குச் சொந்தக்காரர். ரமளானில் அரிசிப் பையோ மளிகைப் பையோ உதவியாகப் பெறுகிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். அதிலிருந்து ஆக்கிய நெய்ச்சோற்றில் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போனால் அதில் தவறில்லை. உதவி கொடுத்தவர்கள் அதைக் குறை சொல்லவும் கூடாது.

எது அன்பளிப்பு ஆகாது?

முதலாவது, வட்டிக் கடனில் வாங்கியது. வட்டியை அல்லாஹ் ஹராமாக்கியிருக்கிறான். ஹதியா கொடுப்பது சுன்னத். ஒரு சுன்னத்துக்காக ஹராமுக்குள் இறங்குவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. வட்டியில்லாத கைமாற்றாக இருந்தாலும் கடன் கடன்தான். ஷஹீதுக்குக்கூடக் கடனைத் தவிர மற்றவை மன்னிக்கப்படும் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், ஒரேயடியாக விரித்துவிட்டுப் பழிக்கப்பட்டவராக உட்காரவும் வேண்டாம் என்ற கருத்தில் அல்குர்ஆன் (17:29) நடுவழியைக் காட்டுகிறது.

இரண்டாவது, கேட்டு வாங்குவது. கைக்கூலி வாங்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, முதல் பெருநாளுக்கு இன்னது வரவேண்டும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது அதே கைக்கூலியைத் தவணையில் வாங்குவதுதான். பிறர் பொருளைத் தவறான வழியில் உண்ணாதீர்கள் என்பது இறைக்கட்டளை (4:29). மனம் ஒப்பாமல், பயந்து கொடுத்ததை ஹதியா என்று அழைக்க முடியாது.

மூன்றாவது, சொல்லிக்காட்டுவது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டி வேதனைப்படுத்தினால் தர்மமே வீணாகிவிடும் என்று அல்குர்ஆன் (2:264) எச்சரிக்கிறது. அன்பளிப்புக்கும் அந்த எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆளறிந்து கொடுப்போம்

குறைந்த காசில் நிறைந்த அன்பளிப்புக் கொடுக்க வேண்டுமானால் கடைக்குப் போகுமுன் ஆளை நினைக்க வேண்டும். அவருக்கு இப்போது எது சிரமமாக இருக்கிறது?

கண் மங்கிய பெரியம்மாவுக்குப் பளபளக்கும் சேலையைவிடப் பெரிய எழுத்தில் அச்சான யாசீன் கிதாபு பயன்படும். வாப்பாவை ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், வரிசையில் நின்று, மருந்து வாங்கிக் கொடுத்து வீட்டில் விடுவதும் ஹதியாதான். தையல் தெரிந்தவர் உம்மாவுக்குப் புது மக்கனா தைத்துத் தரலாம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு இன்னொரு சின்னச் சட்டையைவிட மூன்று நாள் மதியச் சோறும் ஆணமும் கொண்டுபோனால் அந்தத் தாய் துஆச் செய்வாள்.

அண்டை வீட்டைப் பற்றி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது மிக எளிது: ஆணம் காய்ச்சும்போது தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனியுங்கள் என்பதே அதன் கருத்து. இரண்டு அண்டை வீடுகளில் யாருக்குக் கொடுப்பது என்று ஆயிஷா (ரலி) கேட்டபோது, வாசல் அருகிலிருப்பவருக்கு என்று பதில் கிடைத்தது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான தம் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நம் தெருவிலுள்ள மாற்று மதச் சகோதரர்களின் வீட்டு வாசலும் இந்தக் கணக்கில் சேரும்.

சபராளிகள் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. ஊர் வருகிற பெட்டியில் டாங், கோடாலித் தைலம், சென்ட், சோப்பு, போர்வை என்று தெருவுக்கே பங்கு வைத்துக் கடைசி மாதச் சம்பளத்தையும் அதில் போட்டுவிட்டு, திரும்பிப் போக டிக்கெட்டுக்குக் கடன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். “பெட்டி வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்” என்று வீட்டுப் பெண்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவருடைய மனப்பாரம் பாதி குறையும். அதுவே அவருக்கு வீடு தரும் ஹதியா.

பிள்ளைகளிடையே நீதி

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்புக் கொடுத்து, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். உம் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி சொன்னார்கள். தந்தை அந்த அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஒரு பிள்ளையின் மருந்தும் இன்னொரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் தேவைகள். அவை ஆளுக்கு ஆள் மாறும். பெருநாள் காசு அப்படியல்ல. மூத்தவனுக்கு 500, மகளுக்கு 100 என்பதைவிட எல்லோருக்கும் ஆளுக்கு 100 என்பதே மேல்.

ஓர் ஆண்டுக் கணக்கு

கடைசி வாரத்தில் திணறுவதற்குப் பெரும்பாலும் காரணம் முன்கூட்டி ஒதுக்காததுதான். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள், சில ஆண்டுகளில் 355. தினம் 10 ரூபாய் ஒரு டப்பாவில் போட்டால் 354 நாளில் 3,540 ரூபாய். மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டுக்கு அதை இப்படிப் பிரிக்கலாம்:

இரண்டு பெருநாளும் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு 100 வீதம்: 600 ரூபாய்.
உம்மா, வாப்பாவுக்கு ஆளுக்கு 500 வீதம்: 1,000 ரூபாய்.
சம்பந்தி வீட்டுக்கு இரண்டு பெருநாளும் வீட்டில் செய்த பலகாரம், தலா 500 வீதம்: 1,000 ரூபாய்.
அண்டை வீடு, உறவில் பிறந்த குழந்தை: 500 ரூபாய்.
திடீர்த் திருமணம், நோய் விசாரிக்கப் போதல்: மீதி 440 ரூபாய்.

தினம் 10 ரூபாய் முடியாதவர் 5 ரூபாய் போடட்டும். எல்லாத் தொகையையும் பாதியாக்கட்டும். ஏற்கெனவே கடன் இருந்தால் டப்பாவில் ஒரு பங்கு முதலில் கடனுக்குப் போகட்டும். ஸதகத்துல் ஃபித்ர் கடமையானவர்கள் அதை இந்தக் கணக்கில் கலக்க வேண்டாம், அது தனி.

பதிலுக்கு ஒன்றும் இல்லையென்றால்

வாங்கியதற்குப் பதில் கொடுக்க வேண்டும் என்ற பயத்தில் சிலர் அன்பளிப்பை மறுத்துவிடுகிறார்கள். பதில் செய்ய முடிந்தவர் செய்யட்டும். முடியாதவர் அவருக்காக துஆச் செய்யட்டும் என்பது நபிவழி. நன்மை செய்தவருக்கு ஜஸாக்கல்லாஹு கைரன் என்று சொன்னால் அது நிறைவான பாராட்டு என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. திருமண வீட்டில் மொய் நோட்டு வைத்து எழுதுவதுபோல ஹதியாவுக்கும் மனத்தில் நோட்டு வைத்தால் அது ஹதியாவாக இருக்காது, கைமாற்றாகிவிடும்.

வீட்டில் பேசுவதற்கு

இந்த வாரம் மக்ரிபுக்குப் பின் குடும்பத்தோடு உட்கார்ந்து இவற்றைப் பேசுங்கள்:

1. சென்ற பெருநாளுக்கு நாம் கொடுத்ததில் கடன் வாங்கிக் கொடுத்தது ஏதாவது உண்டா? அந்தக் கடன் அடைந்துவிட்டதா?
2. நம் வீட்டுக்கு வந்த அன்பளிப்பு எதையாவது நாம் குறைவாகப் பேசினோமா? அவர்களிடம் இப்போது என்ன நல்ல வார்த்தை சொல்லலாம்?
3. நம் மருமகளின் பெற்றோரிடம், “பெருநாளுக்கு எதுவும் வேண்டாம், நீங்கள் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் போங்கள்” என்று யார், எப்போது சொல்வது?
4. கொடுக்க இல்லை என்ற கூச்சத்தில் எந்த உறவு வீட்டுக்கு நாம் போகாமல் இருக்கிறோம்?

நான்காவது கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தால், வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்த வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள். கையில் நாலு வாழைப்பழம் இருந்தாலும் போதும்.

அல்லாஹ் நம் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! நம் வீடுகளை வட்டியிலிருந்து பாதுகாப்பானாக! கொடுப்பதில் கூச்சமும் வாங்குவதில் குறைகாணலும் இல்லாத குடும்பங்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.