பேசப் பயிற்றும் கலை

மாணவர்களே! கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில், மூன்று வயது நிரம்பியும் ‘அம்மா’ என்றழையாத குழந்தை ஒன்று உளதெனக் கொள்வோம். அயலார் அதனை ஊமை என்பர். பேச்சுப் பயிற்சி வல்லுநரோ முதற்கண் அதன் செவியைச் சோதிக்கச் செய்வார். கேளாத சொல்லைக் குழந்தை எங்ஙனம் மொழியும்? குறையிருப்பின் காதொலிக் கருவி பொருத்துவர். அதன் பின்னரே பயிற்சி.

கண்ணாடியின் முன் அமர்த்தி, பகரத்திற்கு இதழ்கள் பொருந்துதலைக் காட்டுவார். மகரத்திற்கு மூக்கின்மேல் விரல் வைத்து அதிர்வை உணர்த்துவார். தொல்காப்பியர் பிறப்பியலில் உரைத்த ஒலியிடங்கள் அல்லவோ இவை! யாம் அந்நூற்பாக்களை மனப்பாடம் செய்தோம், இப்பயனை அறிந்திலோம்.

இத்தகைய வல்லுநரை உருவாக்க 1965-ஆம் ஆண்டில் மைசூரில் அனைத்திந்திய நிறுவனம் ஒன்று எழுந்தது.

வல்லுநர் உடனிருப்பது சிறிது பொழுதே. எஞ்சிய பொழுதெல்லாம் அன்னையே ஆசிரியை. சோறூட்டுகையில் ‘பால்’, ‘பழம்’ எனப் பெயர் சொல்லிக் காட்டி, குழந்தை இதழ் குவிக்குந்துணையும் அவள் காத்திருப்பாள்.