குப்பைக் குன்றின் சரிவு

பிலிப்பைன் தீவுகளில், மணிலாவை அடுத்த கேஸான் நகரின்கண் பயாட்டாஸ் என்னும் இடம் உளது. அங்கே ஆண்டாண்டாய்க் கொட்டிய குப்பை செங்குத்தான குன்றாய் வளர்ந்து நின்றது. 2000-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், பல நாள் பெய்த பெருமழைக்குப்பின், அக்குன்று சரிந்து அடிவாரத்துக் குடிசைகளை மூடிற்று. 200 பேருக்கு மேல் மாண்டனர்.

இதன் காரணம் யாது? சரிவான குவியலைப் பூமியின் ஈர்ப்பு கீழ்நோக்கி இழுக்கின்றது. குப்பைத் துணுக்குகளின் உராய்வும் பின்னலும் அதனைத் தடுத்து நிறுத்துகின்றன. மழைநீர் உட்புகின் குவியலின் பாரம் பெருகும். அஃதன்றியும், இடுக்குகளில் தங்கிய நீர் தன் அழுத்தத்தால் துணுக்குகளை ஒன்றினின்றொன்று விலகத் தள்ளுதலின் உராய்வு குறையும். மட்குங் குப்பையில் எழும் வாயுவும், வெளியேற வழியின்றேல், அவ்வாறே செய்யும். இழுப்பு தடையை மிஞ்சுங் கணத்தில் குன்று வீழ்கின்றது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. சரிவைத் தாழ்வாக அமைத்தல், அடுக்கடுக்காய் இறுக்கி மண்ணிட்டு மூடுதல், நீரும் வாயுவும் வெளியேறக் குழாய் வகுத்தல் ஆகியவை முதன்மையானவை. எனினும், அடிவாரத்தில் வாழ்ந்தோர் பலர் அக்குப்பையைப் பொறுக்கியே பிழைத்தனர். அதனை விட்டகலின் அவர்கட்குப் பிழைப்பில்லை. ஆதலின், சரிவின் கோணத்தை அளப்போர், அதன் அடியிற் குடியிருப்போரின் பிழைப்புக்கும் வழி காணல் வேண்டும்.