இலை பழுப்பதும் உதிர்வதும்

மாசி, பங்குனி மாதங்களில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மரங்கள் இலை உதிர்ப்பதைக் குடியானவர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். வேம்பு மஞ்சளித்து உதிர்கிறது. புங்கும் இலுப்பையும் அவ்வாறே செய்கின்றன. தேக்கு அதற்கு முன்னரே மொட்டையாகி விடுகிறது. நாட்டு வாதுமையின் அகன்ற இலை செம்பு போலச் சிவந்த பின்னரே தரைக்கு வருகிறது. குளிர்நாடுகளாகிய கானடா, இங்கிலாந்து, ஜப்பான் முதலிய இடங்களில் இதே காரியம் புரட்டாசி முதல் கார்த்திகை வரையில் நிகழ்கிறது. அங்கே பகல் குறுகிக் குளிர் நெருங்குவது காரணம். இங்கே மண் வறண்டு வெயில் ஏறுவது காரணம். காரணம் வேறாயினும், இலைக்குள் நடைபெறும் வேலை பெரும்பாலும் ஒன்றே. அவ்வேலையை அறிந்தவருக்கு, வயலுக்குத் தழை வாங்கும்போது எதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதும் விளங்கும்.

இலைக்குப் பசுமை தருவது பச்சையம் என்னும் வஸ்துவாகும். பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு ரஸாயன அறிஞர்கள் 1817-ஆம் ஆண்டில் இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். சூரிய ஒளியின் பலத்தைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் அனுப்பும் நீரையும் சேர்த்துச் சர்க்கரையாக்குவதில் இதற்கே முதலிடம். ஆனால் பச்சையம் நிலைத்து நிற்கும் பொருளன்று. அது சிதைந்துகொண்டே இருக்கும். இலையும் அதைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். மஞ்சள் நிறம் தரும் வேறு பொருள்களும் இலையில் தொடக்கத்திலிருந்தே உள்ளன. அவை பசுமையின் மிகுதியால் மறைந்து கிடக்கின்றன. ருஷிய தாவர சாஸ்திரியான த்ஸ்வெட் என்பவர், இலைச்சாற்றைச் சுண்ணத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே இறக்கிப் பச்சையையும் மஞ்சளையும் தனித்தனி வளையங்களாகப் பிரித்த முறையை 1906-இல் வெளியிட்டார். பாடசாலைப் பிள்ளைகளும் இதை எளிதாகச் செய்து பார்க்கலாம். பசுமையான இலையைச் சாராயச் சத்தில் கசக்கி வடிகட்டி, மையொற்றுங் காகிதத் துண்டு ஒன்றின் நுனியை அதில் நனையவிட்டால், சாறு மேலேறும்போது பச்சைக் கோடும் மஞ்சட் கோடும் வெவ்வேறாகத் தெரியும். ஆகவே இலை மஞ்சளாக மாறுகிறது என்பதைவிட, பச்சை நீங்கியதால் உள்ளிருந்த மஞ்சள் வெளிப்படுகிறது என்பதே பொருந்தும்.

பச்சை ஏன் நீங்குகிறது? மரம் தன் முதலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று சொல்லலாம். பச்சையத்திலும், அதைவிட மிகுதியாக இலையிலுள்ள புரதப் பொருள்களிலும் தழைச்சத்து அடங்கியிருக்கிறது. (இச்சத்துக்குத் தமிழில் அமைந்த பெயரே அது முதன்மையாகத் தங்குமிடத்தைக் காட்டுகிறது.) வறட்சிக் காலத்தில் இலையை வைத்துக்கொண்டிருந்தால் நீர் ஆவியாகி மரம் வாடும். ஆகவே மரம் புதிய பச்சையம் செய்வதை நிறுத்தி, புரதங்களைக் கரைத்து, தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியையும், மணிச்சத்திலும் சாம்பல் சத்திலும் ஒரு பகுதியையும் பட்டைக்கும் கட்டைக்கும் அனுப்பிவிடுகிறது. பின்னர் வரும் தளிர்களுக்கு அதுவே ஆகாரம். பழுக்கும் இலைகள் பலவற்றில் நரம்பை ஒட்டிய இடம் கடைசி வரையில் பச்சையாக இருப்பதைக் கவனித்தால், சரக்கு வெளியேறும் வழி கடைசியாக மூடப்படுவது புலப்படும். சுண்ணாம்புச் சத்து மாத்திரம் இலையை விட்டு எளிதில் திரும்புவதில்லை. எல்லாம் முடிந்தபின் காம்பின் அடியில் மெல்லிய பிரிவுப்படலம் முற்றி, இலை சிறு காற்றுக்கும் கழன்று விழுகிறது.

இது உயிருள்ள மரம் செய்யும் வேலை என்பதற்குக் கண்கூடான சான்று உண்டு. புயலில் முறிந்து தொங்கும் கிளையைப் பார்த்தால், அதிலுள்ள இலைகள் காய்ந்து சருகான பின்னும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். செத்த கிளைக்கு இலையைக் கழற்றும் சக்தி இல்லை.

குளிர்நாட்டு மேப்பிள் மரங்களின் சிவப்பு மறைந்திருந்த நிறமன்று. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு முடிவுகாலத்தில் புதிதாகச் செய்யப்படுவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் அது மிகும். மாந்தளிரின் செந்நிறமும் அதே வகுப்பைச் சேர்ந்தது.

இனி எருவைப் பார்ப்போம். மரத்திலிருந்து வெட்டிய பூவரசு, வேம்பு, புங்கு முதலியவற்றின் பச்சைத் தழையில் சத்து முழுதும் இருக்கிறது. உதிர்ந்த சருகிலோ மரம் எடுத்தது போக மிச்சமே இருக்கிறது. ஒரு வண்டித் தழையும் ஒரு வண்டிச் சருகும் ஒன்றென எண்ணுவது தவறு. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. சருகை அப்படியே சேற்றில் மிதித்து உடனே நடவு செய்தால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் சருகில் போதுமான அளவு காணாமல் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாற்று பட்டினி கிடந்து மஞ்சளிக்கும். அப்போது விதையை நொந்துகொள்வோரும், விதை கொடுத்தவரோடு சண்டைக்குப் போவோரும் உண்டு. பயிரின் அடியிலைகள் முதலில் மஞ்சளித்தால் அது தழைச்சத்துக் குறைவின் அடையாளம். மரத்தைப் போலவே நெல்லும் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கிறது. மேலேயுள்ள இளந்தளிர் முதலில் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இரும்பு பழைய இலையை விட்டு எளிதில் நகராது. அத்தகைய பயிருக்கு மேலும் தழைச்சத்து உரம் போடுவது வீண் செலவு.

சருகைக் கூட்டி எரிப்பதும் நல்லதன்று. எஞ்சிய தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. சாம்பலும் சுண்ணாம்பும் மாத்திரமே நிற்கும். 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்டு என்பவர் வகுத்த கம்போஸ்டு முறை சருகுக்கு மிகவும் ஏற்றது. தேக்கிலை போன்ற முரட்டுச் சருகை முதலில் தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாகப் பரப்ப வேண்டும். அது காலடியில் நொறுங்கி மூத்திரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சருகில் இல்லாத தழைச்சத்து அவ்வாறே அதற்குக் கிடைக்கிறது. பின்னர் அதைச் சாணக் கரைசல், மூத்திரம் ஊறிய மண், கொஞ்சம் சாம்பல் ஆகியவற்றுடன் அடுக்கடுக்காகக் குவித்து, பிழிந்த துணியளவு ஈரம் குறையாமல் நீர் தெளித்து, இடையிடையே கிளறிவிட்டால், ஏறக்குறைய மூன்று மாதத்தில் எரு பக்குவமாகும். பங்குனியில் குவித்தது ஆனி நாற்றங்காலுக்கு உதவும்.